கேட்கிற ஆள் மாறினால்: மதுரைப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, இரவு

வைகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெங்களூரு வந்தே பாரத் வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஓடத் தொடங்கிய ரயில் இது. மதியம் அங்கே கிளம்பி, இரவு பத்தை ஒட்டி இங்கே வரும். இறங்கியவர்களில் பாதிப்பேருக்கு மேல் முதுகில் பை மாட்டிய இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். ஒருவர் கையிலும் பூஜைக்கூடை இல்லை. கோயிலுக்கு இனிமேல் போக முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். வந்த வேலை வேறு, சாப்பாடு.

லாட்ஜுக்குப் போக ஏறிய ஆட்டோக்காரத் தம்பி இந்தக் கூட்டத்தை வைத்தே ஒரு தொழில் நடத்துகிறார். "ரூம்ல பையைப் போட்டதும் பத்தரைக்குக் கிளம்பிருவோம்க்கா. ஒரு மணிக்குள்ள அஞ்சு கடை. எந்தக் கடையிலயும் அரை பிளேட்டுக்கு மேல சாப்பிட விடமாட்டேன். விட்டா மூணாவது கடையிலயே படுத்துருவாய்ங்க."

சிம்மக்கல் பக்கம் கறி தோசை, அப்புறம் சுக்கா, பன் பரோட்டா, விளக்குத்தூணில் ஜிகர்தண்டா, கடைசியாகப் பருத்திப்பால். இதில் எதுவும் புதிது இல்லை. புதிது என்றால் அந்த அரைக் கணக்குதான். முழுத் தோசைக்குப் பழகிய மாஸ்டரிடம் போய், பாதி அளவில் ஊற்றி நாலாக வெட்டித் தரச் சொல்லிச் சம்மதம் வாங்க அவருக்கு ரொம்ப நாள் ஆனதாம். இப்போது கேட்காமலேயே, "பெங்களூரா?" என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் சின்னதாக ஊற்றுகிறார்களாம். சுற்றுலாவில் புதுமை என்றதும் நமக்கு ஆப், க்யூஆர் கோடு இதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். இங்கே ஒரு தோசைக்கல்லில் நடந்திருக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. எல்லோரும் போவது அதே ஐந்து கடைதான். ரீல்ஸில் பார்த்ததைத்தான் கேட்கிறார்கள். நல்ல மட்டன் எலும்புக் குழம்பு ஊற்றுகிற கடைகள் செல்லூர்ப் பக்கம் எத்தனையோ இருக்கின்றன. "அங்கிட்டுக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாய்ங்கக்கா, போன்ல அந்தக் கடை இல்லைங்கிறாய்ங்க" என்று தம்பியே அலுத்துக்கொண்டார்.

சனி

மார்கழியில் நடை சீக்கிரம் திறப்பார்கள் என்று விடியும் முன்பே போய்விட்டேன். கைப்பேசியைக் கொடுத்து டோக்கன் வாங்குகிற இடத்திலேயே நீண்ட வரிசை. தெலுங்கு, இந்தி, கன்னடம், நடுவில் கொஞ்சம் தமிழ். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்தது இந்தத் தடை. பாதுகாப்புக்காக வந்ததுதான், சரி. ஆனால் அதற்கு இன்னொரு விளைவும் இருக்கிறதோ என்று வரிசையில் நிற்கும்போது தோன்றியது. கோயிலுக்குள்ளிருந்து யாரும் வீடியோ போட முடியாததால், இணையத்தில் புதிதாக வரும் மதுரை எல்லாம் கோபுரத்துக்கு வெளியே இருக்கிற மதுரைதான். ஜிகர்தண்டா தம்ளர் கண்ணில் படுகிற அளவுக்குக் கிளிக்கூட்டு மண்டபம் படுவதில்லை. நேற்று ரயிலில் இறங்கிய பிள்ளைகளை அந்த ஐந்து கடைக்கு அனுப்பியதில் இந்தத் தடைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

வெளியே வந்ததும் அம்மன் சன்னதிப் பக்கம் ஒரு மூத்த வழிகாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். உரிமம் பெற்றவர். பிரெஞ்சு பேசுவார். மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு என்று இறங்கி மதுரையில் தங்கிவிட்டு, தேக்கடி வழியாகக் கேரளம் போவது பிரெஞ்சுக் குழுக்களின் பழைய தடம். அந்தத் தடத்தை நம்பித்தான் இவர் அந்த மொழியைப் படித்தார். "மொழி மட்டும் போதாதும்மா. அவங்க கையில புத்தகத்தோட வருவாங்க. நான் ஒண்ணு சொன்னா, பக்கத்தைப் புரட்டிச் சரிபார்ப்பாங்க. ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூண்தான்னு நாம சொல்றதுக்கு முன்னாடி அவங்க சொல்லிருவாங்க."

ஒருமுறை ஒரு பிரெஞ்சு ஆசிரியை, மூன்று தனங்களோடு பிறந்த தடாதகையின், அதாவது மீனாட்சியின், கதையைக் கேட்டுவிட்டு, "அதைச் சிற்பமாக எங்கே செதுக்கியிருக்கிறீர்கள்?" என்று பிடித்துக்கொண்டாராம். இவருக்குத் தெரியவில்லை. தேடிப் போனால் புது மண்டபத்துத் தூணில் இருக்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. அப்போது உள்ளே முழுக்கத் தையல் கடைகளும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும். சிற்பத்துக்கு முன்னால் துணி மூட்டை. தையல்காரரிடம் பேசி, குழு வரும்போது மட்டும் மூட்டையை நகர்த்துவதாக ஏற்பாடு. பதிலுக்கு அந்தக் குழுவில் யாருக்காவது சட்டை தைக்க வேண்டுமென்றால் அவரிடம்தான். அந்த ஆசிரியை கேட்கவில்லை என்றால் அந்தத் தூண் அந்த மூட்டைக்குப் பின்னாலேயே இருந்திருக்கும். குறைந்தபட்சம் இவரைப் பொறுத்தவரை.

அவர் சொன்ன தையல்காரரையும் தேடிப் போனேன். புது மண்டபக் கடைகள் சில ஆண்டுகளுக்கு முன்பு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. வெள்ளைக்காரர் போட்டிருக்கிற கால்சட்டையைக் கண்ணால் பார்த்து, கோயிலைச் சுற்றிவிட்டு அவர் திரும்புவதற்குள் அதே மாதிரி ஒன்று தைத்துக் கொடுப்பது இந்தக் கடைக்காரர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வித்தை. பிரிக்காமல், அளவு நாடாவை இரண்டு இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்து வெட்டிவிடுவார்கள். இப்போது?

"வெளிநாட்டுக்காரங்க எப்பவாவதுதான். ஆனா கை சும்மா இல்லம்மா. அப்ப உடுப்பைக் காட்டுவாங்க, இப்ப பொண்ணுங்க போன்ல போட்டோவைக் காட்டுறாங்க. பின்பக்கம் எப்படி இருக்குன்னு போட்டோவுல தெரியாது. நாமளே கண்டுபிடிக்கணும். அது கஷ்டம்."

கல்யாணப் பெண்களின் ரவிக்கை, பரத நாட்டிய உடுப்பு, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடக்காரர்களின் உடை. பேக்பேக்கர்கள் கற்றுக்கொடுத்த கண் அளவு இதற்கெல்லாம் உதவுகிறது. தையல்காரர் தப்பித்துவிட்டார். வழிகாட்டிதான் சிக்கிக்கொண்டார். இந்தியில் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார், பேசவும் செய்கிறார். ஆனால் அவர் மூளையில் இருக்கும் சரக்கை யாரும் கேட்பதில்லை. "வடக்கேயிருந்து வர்றவங்களுக்கு நூற்றாண்டு வேண்டாம், பலன் வேணும். எந்தச் சன்னதியில என்ன வேண்டிக்கணும், தாலிக்கயிறு எங்க வாங்கணும், சுங்குடிச் சேலை எது அசல். அதையும் படிச்சுத்தான் ஆகணும். அது ஒண்ணும் குறைச்சல் இல்லை."

எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூட்டைக்குப் பின்னால் இருந்த தூண் மாதிரி எத்தனை விஷயங்கள் இவரைப் போன்றவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கின்றன? அவர்கள் போனால் அதுவும் போச்சு. நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாராம். வாங்கிப் பதிப்பிக்கிற எண்ணம் யாருக்கும் வந்ததில்லை.

கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்கு 2019இல் வெளிநாட்டுப் பயணிகள் வருகை 68 லட்சத்துக்கு மேல். 2023இல் சுமார் 11.7 லட்சம். உள்நாட்டு வருகை 2019இல் 49 கோடியைத் தாண்டியது, 2023இல் 28.6 கோடி. இவை தலைகளின் எண்ணிக்கை அல்ல, வருகைகளின் எண்ணிக்கை. ஒரே ஆள் மதுரையிலும் ராமேஸ்வரத்திலும் பதிவானால் இரண்டு. கொரோனாவில் இரண்டுமே விழுந்தன. உள்ளூர்க்காரர் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டார், வெளிநாட்டுக்காரர் ஆறில் ஒரு பங்குதான் திரும்பினார். குன்னத்தூர் சத்திரத்தில் போட்டோவைப் பார்த்துத் தைப்பதன் பின்னணி இதுதான்.

மாலையில் திருமலை நாயக்கர் மகால். ஒலி ஒளிக் காட்சி என்றால் பல ஆண்டுகளாக இங்கே முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ். வாசலில் நின்ற இரண்டு வேன்களில் ஒன்று நெல்லூர், இன்னொன்று நாக்பூர். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

ஞாயிறு

கீழடி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் 12 கிலோமீட்டர், சிலைமான் தாண்டித் திரும்ப வேண்டும். மாவட்டக் கணக்கில் சிவகங்கை, நடைமுறையில் மதுரை. இங்கே அகழாய்வில் கிடைத்த பழம்பொருட்களுக்காக 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாக நிற்கிறது. ஞாயிறு என்பதால் திருவிழாக் கூட்டம்.

இங்கே ஒரு பிரெஞ்சுக்காரரும் கண்ணில் படவில்லை, அய்யப்ப சாமிகளும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் தமிழர்கள். ஈரோடு, சேலம், நாகர்கோவில் வண்டிகள். பள்ளிக்கூடப் பேருந்துகள். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம், பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே நகர்ந்தது.

பானை ஓடுகளில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர்கள் இருக்கும் பெட்டிக்கு முன்னால்தான் நெரிசல் அதிகம். ஆதன், குவிரன் என்று ஆளாளுக்கு உரக்கப் படிக்கிறார்கள். பகடை, தக்களி, தந்தச் சீப்பு, தங்க அணிகலன் எல்லாவற்றையும் விட அந்த உடைந்த ஓடுகளுக்கு மவுசு. பக்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த இளைஞரிடம் கேள்விகள் விழுந்த வேகத்தைப் பார்த்தேன். நேற்றைய வழிகாட்டி இவரைப் பார்த்தால் பொறாமைப்படுவார், அல்லது பரிதாபப்படுவார்.

"கிமு ஆறாம் நூற்றாண்டுங்கிறீங்க, எந்த அடுக்குல கிடைச்ச கரியை வச்சுச் சொல்றீங்க?" இதைக் கேட்டவர் வேட்டி கட்டிய ஒரு விவசாயி. "சாமி சிலை ஒண்ணுகூடக் கிடைக்கலையாமே?" இது அடுத்தவர். "மாட்டு எலும்பு கிடைச்சிருக்கே, அப்ப சாப்பிட்டாங்களா, வளர்த்தாங்களா?" இது ஒரு கல்லூரிப் பெண். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பையன் நிதானமாகப் பதில் சொன்னார். மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் எலும்புகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன, அதில் வெட்டுக்காயம் உள்ளவற்றை வைத்து உணவு என்று சொல்லலாம், மற்றதைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாது என்றார். "அடித்துச் சொல்ல முடியாது" என்பதைத் தயங்காமல் சொல்லும் வழிகாட்டியை நான் வேறு எந்தச் சுற்றுலாத் தலத்திலும் அதிகம் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக்காரர் வந்தால்தான் தரம் உயரும் என்று சுற்றுலாத் தொழிலில் பலரும் நம்புகிறார்கள். கீழடியைப் பார்த்தால் அது பொய் என்று தெரியும். இங்கே வருபவருக்குச் சொந்தப் பாட்டன் வீட்டுச் சொத்துப் பத்திரத்தைப் படிக்கிற அக்கறை இருக்கிறது. கூடவே, பேப்பரிலும் யூடியூபிலும் படித்த அரைகுறைச் செய்திகளும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து விளக்குபவரைத் தினமும் பரீட்சையில் உட்கார வைக்கின்றன. இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. பெருமைக்கு வந்தவர் பெருமையோடுதான் திரும்ப விரும்புகிறார். "இது உலகத்துலயே பழசுதானே?" என்று ஒரு அப்பா தன் மகனுக்கு முன்னால் திரும்பத் திரும்பக் கேட்டார். விளக்கம் சொல்லும் பையன் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். அந்தச் சிரிப்பையும் தொழிலில்தான் கற்றிருக்க வேண்டும்.

மத்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் இங்கே தோண்ட ஆரம்பித்தபோது வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நாலாம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை எடுத்தது. 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியானதும் ஜனம் வேன் பிடித்து வந்தது. தென்னந்தோப்புக்குள் குழியைச் சுற்றிக் கயிறு கட்டி நிறுத்த வேண்டிய நிலை. வாசலில் இளநீர் விற்கும் அம்மா அந்த நாட்களைச் சொன்னார். "எங்க வீட்டுக்காரர் வந்தவங்களுக்கு வழி காட்டப் போயி, குழிக்குள்ள சுட்ட மண் வளையத்தை வச்சு உறைகிணறு எப்படி அடுக்கியிருக்காங்கன்னு சொல்ற அளவுக்குத் தேறிட்டாரு. தோண்டுன ஆளுங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே நின்னாருல்ல." அகழாய்வில் மண் அள்ளி, ஓடு கழுவியவர்களில் சுற்றுவட்டாரப் பெண்கள் பலர். எந்த நிறத்து மண்ணில் என்ன வரும் என்று அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அருங்காட்சியகத்துக்குள் அவர்களில் சிலரை உட்கார வைத்துப் பேசச் சொன்னால் அந்த ஆதன் ஓட்டுப் பெட்டியை விட அங்கே கூட்டம் சேரும் என்பது என் எண்ணம்.

திரும்பும்போது பிரதான சாலையில் பஸ்ஸுக்கு நின்றேன். ராமேஸ்வரத்தை நோக்கி ஆந்திரா வண்டிகளும் மகாராஷ்டிரா வண்டிகளும் போய்க்கொண்டே இருக்கின்றன. கீழடிப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒரே சாலையில் இரண்டு சுற்றுலா ஓடுகிறது, ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாமல்.

திங்கள்

அரிட்டாபட்டி. மேலூர் போகிற வழியில் உள்ளே போக வேண்டும். கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, தீர்த்தங்கரர் சிற்பம். இன்னொரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதில் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசர். முன்பெல்லாம் இங்கே வந்தவர்கள் கல்வெட்டு ஆய்வாளர்கள், அப்புறம் மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை நண்பர்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறையில் நின்று விளக்க, சுற்றி உட்கார்ந்து கேட்கிற அந்த நடைகளில் ஊர்க்காரர்களும் ஓரமாக நின்று கேட்பது உண்டு.

அப்புறம் பறவை பார்ப்பவர்கள் வந்தார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு என்று தொலைநோக்கியோடு பாறையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேர் அளவுக்குத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. 2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலச் செய்தி. மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து.

எனக்கு மலை காட்டிய தம்பி ஊர்க்காரர், ஆடு மேய்க்கிற குடும்பம். அவர் பேசும்போது மூன்று கூட்டமும் அவருக்குள் இருப்பது தெரிந்தது. கல்வெட்டைக் காட்டும்போது ஆய்வாளர் மாதிரி இடமிருந்து வலமாக விரல் ஓட்டுகிறார். பறவை என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். ஏலத்தைப் பற்றிப் பேசினால் மேடைக் குரல் வருகிறது, தேதியெல்லாம் வரிசையாகக் கொட்டுகிறார். ஆனால் சுனைகளைப் பற்றிக் கேட்டதும் நடையே மாறிவிட்டது. எந்தச் சுனையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், ஆடு எதில் வாய் வைக்கும், எதில் வைக்காது. இது யாரும் வந்து சொல்லிக் கொடுத்ததில்லை.

"இதை வர்றவங்ககிட்ட ஏன் சொல்றதில்ல தம்பி?"

"யாரும் கேட்டதில்லையேக்கா."

போராட்டத்துக்குப் பிறகு வருகிறவர்கள் அதிகம், வந்தவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் பாட்டிலும் அதிகம். அதை ஊர்ப் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். இதற்கு மேல் எழுதினால் கோபம்தான் வரும், விடுகிறேன்.

செவ்வாய்

இன்று கிளம்புகிறேன். லாட்ஜைப் பற்றி இதுவரை எழுதவே இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் முழுக்க அய்யப்ப சாமிகள், பெரும்பாலும் ஆந்திரா, தெலங்கானா. வரவேற்பில் இருக்கும் அண்ணன் ஐந்து மொழியில் கணக்குச் சொல்கிறார். தெலுங்கை வேலையிலேயே பழகிக்கொண்டாராம்.

சாமிகள் பழனியிலிருந்து நடுராத்திரி வருவார்கள். குளித்து, விடியலில் மீனாட்சி தரிசனம், உடனே ராமேஸ்வரம். இருபத்துநாலு மணி நேர வாடகை கொடுக்க அவர்களுக்கு மனசு வராது. அதனால் இவர் ஆறு மணி நேரக் கணக்கு என்று ஒன்று வைத்தார். சமையல்காரர் கூடவே வருவதால் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுச் சமையல் இடம். 2023 ஆகஸ்டில் மதுரை ஸ்டேஷனில் நின்ற லக்னோ யாத்திரைப் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்த பிறகு, அறைக்குள் அடுப்பு கண்டிப்பாகக் கிடையாது, மாடியில் மட்டும்தான் என்று எழுதி ஒட்டியிருக்கிறார், தெலுங்கிலும் இந்தியிலும்.

அவரிடம் கீழடியைப் பற்றிப் பேச்செடுத்தேன். இவ்வளவு வண்டி அந்த வழியாகத்தானே போகிறது, ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

"போகும்போது நிக்கவே மாட்டாங்கக்கா. மதியம் நடை சாத்துறதுக்குள்ள ராமேஸ்வரம் போயாகணும், அதுக்கு முன்னாடி தீர்த்தமாடணும். வரும்போது நிக்கலாம். ஆனா வரும்போது இருட்டிரும், மியூசியம் பூட்டிருப்பாங்க." யோசித்தார். "ராத்திரி ராமேஸ்வரத்துலயே தங்குற குரூப் சிலது இருக்கு. அவங்க மறுநாள் பகல்ல இந்தப் பக்கம்தான் வருவாங்க. அவங்ககிட்ட வேணா சொல்லிப் பார்க்கலாம். ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. தெலுங்குல மாத்தி, ஜெராக்ஸ் போட்டு, ரூம் சாவியோட கொடுத்துருவோம்."

தமிழில் பத்து வரி எழுதிக் கொடுத்தேன். வைகை நாகரிகம், எழுத்து, உறைகிணறு, எவ்வளவு தூரம், எங்கே திரும்ப வேண்டும். தெலுங்கில் எழுத, மாடியில் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த குண்டூர் சமையல்கார சாமியைப் பிடித்தோம். அண்ணன் வரி வரியாகச் சொல்ல, அவர் எழுதினார். உறைகிணறு வந்ததும் பேனாவை நிறுத்தினார். தெலுங்கில் ஏதோ கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டு எனக்குச் சொன்னார்.

"அந்தக் கிணத்துல தண்ணி வருமான்னு கேக்குறாரு. ஐம்பது சாமி குளிக்கணுமாம்."

கிணற்றில் இல்லை, கழிப்பறை இருக்கிறது, பஸ் நிறுத்தவும் இடம் இருக்கிறது என்றேன். அதை முதல் வரியாகப் போடச் சொன்னார் அண்ணன். நாகரிகம் இரண்டாவது வரிக்குப் போனது.